ஈரத்தராசு

ஐப்பசி. மூன்று நாளாக விடாத மழை.
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில்
உசிலம்பட்டி மல்லி சாக்கோடு சொட்டிக்கொண்டிருந்தது.
“தண்ணிக்கும் சேத்து நான் எதுக்குக் காசு குடுக்கணும்?”
ஜெயக்கொடி கேட்டது பதினேழாம் தராசை.
அதற்குள் இருந்து பதில் சொல்வது
நான் எழுதிய பைதான்.

கடைக்கு ஒன்றாக நாற்பத்து மூன்று தராசு.
எல்லாம் ஒரே கிளாஸ், ஒரே ‘நிறு’.
உள்ளே கிடக்கும் பாக்கிதான் வேறு வேறு:
சிலைமான் இருளாண்டி, பொங்கல் முன்பணம்,
நாலாயிரத்து இருநூறு.

நின்றபடியே செய்தேன், டீ ஆறுவதற்குள்.
பதினேழின் ‘நிறு’வை மட்டும் மறைத்து
பெயரில்லாத ஒரு லாம்டாவை மேலே மாட்டினேன்:
கிலோவுக்கு எண்பது கிராம் தள்ளு.
தள்ளியது.
இருளாண்டி முறைத்தார். ஜெயக்கொடி சிரித்தார்.
நான் இன்னொரு வடை வாங்கினேன்.

மதியம் மார்க்கெட் அடங்கியதும்
தராசுகளை ஃபைலில் உறங்கவைக்க வேண்டும்.
அதற்குப் பெயர் பிக்கிள். ஊறுகாய்தான்.
ஜாடிக்குள் காய் போகும், உப்பு போகும்,
அரிந்த கை போகாது.
பாக்கியை எழுதும்; நிறுக்கும் விதத்தை எழுதாது.
இன்ன வீடு என்று கிளாஸின் பெயரைக் குறித்துக்கொள்ளும்,
காலையில் அந்த வாசலில் போய்க் கேட்டுக்கொள்ளலாமென்று.
என் லாம்டாவுக்குப் பெயருமில்லை, வாசலுமில்லை.

பதினாறு தராசு சத்தமில்லாமல் உறங்கின.
பதினேழில் சிவப்பு எழுத்து.

அதைவிட மோசம், எழுதத் திறந்தபோதே
பழைய ஃபைலை வழித்துத் துடைத்திருந்தேன்.
மொத்த மார்க்கெட்டின் கடனும்
பாதியில் நின்ற ஒரு வாக்கியம் இப்போது.
முந்தின நாள் பென்டிரைவும்
கம்பியில் குத்திய துண்டுச் சீட்டுகளும் வைத்து
இரவு ஒன்பது வரை தட்டச்சு செய்தேன்.
ஜெயக்கொடி திட்டவில்லை.
“கணக்கு அப்படியே கெடக்கணும். கை மட்டும் மாறணும்.
அம்புட்டுத்தான?”

அம்புட்டுத்தான்.

அண்ணா நகர் அறையில், ஒழுகும் சன்னலுக்குப் பக்கத்தில்,
முதலில் பெயர் வைத்தேன்: ஈரத்தராசு. தராசின் மகள்.
யார் வந்து தட்டினாலும் திறக்கும்படி
நிரலின் வெளிவாசலில் குடிவைத்தேன்.
அவளுடைய ‘நிறு’ தாயைக் கூப்பிட்டு நிறுக்கச் சொல்லும்,
பிறகு ஈரத்தைக் கழிக்கும்.
பதினேழை அழைத்து, இனி உன் வீடு இது என்றேன்.
பாக்கி ஒரு பைசா அசையவில்லை.
புது ஃபைலை வேறு பெயரில் முழுதும் எழுதி முடித்து
அதன்பிறகே பழைய பெயரைச் சூட்டினேன்.

விளக்கணைத்துப் படுத்தவள் எழுந்து உட்கார்ந்தேன்.
ஃபைலிலிருந்து விழிப்பது பிறப்பது அல்ல.
பிறந்தபோது ஓடிய வரிகள் விழிக்கும்போது ஓடாது.
மழைக்கு முன்பு உறங்கிய பதினேழு
‘ஈரம்’ என்றால் முழிக்கும், திருதிருவென்று.
ஆகவே எண்பதை வீட்டிலேயே வைத்தேன், கிளாஸின் மேல்.
தன் மடியில் இல்லாதது
வீட்டுப் பானையில் மொண்டுகொள்ளட்டும்.

விடியற்காலை மூன்றரை. நாற்பத்து மூன்றும் விழித்தன.
இருளாண்டியின் நாலாயிரத்து இருநூறு
அப்படியே இருந்தது.
நான் டீக்குச் சொன்னேன்.

அதற்கடுத்த நாளும் விழித்தன. அதற்கடுத்த நாளும்.

ஐந்தாம் நாள் இருளாண்டி சாக்கை அவிழ்த்தார்.
மொட்டு மொட்டாக, சலசலவென்று உலர்ந்த பூ.
நிறுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.
“மழ நின்னு நாலு நாளாச்சு தாயி.
தராசு இன்னும் நனையுதே.”

ஜெயக்கொடி செல்போனில் யாருக்கோ விலை சொல்லிக்கொண்டிருந்தார்,
முதுகைக் காட்டி.

பதினேழின் மடியில் ஒரு வரி வைத்தேன்:
ஈரம், சுழியம்.
இது ஜாடிக்குள் போகும், பாக்கியோடு சேர்ந்து.
வைத்த கை போகாது.